அப்பாவின் கையெழுத்து

‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ படம் பிடிக்காது என்று சொல்கிற உலக சினிமா ரசிகர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. எங்கள் காலத்து ஹாஸ்டல் ஹார்ட் டிஸ்க்குகளில் ‘சினிமா பாரடைஸோ’வுக்குப் பக்கத்தில் அது கட்டாயம் இருக்கும். 2006-ல் வந்த ஜெர்மன் படம். அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. கதை தெரிந்ததுதான். 1984, கிழக்கு பெர்லின். நாடகாசிரியர் டிரைமனின் வீட்டுச் சுவருக்குள் மைக்குகளைப் பதித்துவிட்டு, மேலே ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறார் ரகசியப் போலீஸான ஸ்டாஸியின் அதிகாரி வீஸ்லர். கேட்கக் கேட்க அவருக்குள் ஏதோ இளகுகிறது. அறிக்கைகளில் பொய் எழுத ஆரம்பிக்கிறார். சுவர் இடிந்து சில வருடங்கள் கழித்து டிரைமன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தன் கோப்பை வாங்கிப் படிக்கிறார். கடைசி அறிக்கையில் சிவப்பு மையில் ஒரு விரல் தடம். தன் டைப்ரைட்டரை, அதன் சிவப்பு ரிப்பனோடு, சோதனைக்கு முன்பே அப்புறப்படுத்தித் தன்னைக் காப்பாற்றியவன் இவன்தான் என்று அவருக்குப் புரிகிறது. நமக்குத் தொண்டை அடைக்கிறது.

எனக்கும் அடைத்தது. நல்ல காட்சி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சிவப்புக் கறைக்குச் சற்று முன்னால் இன்னொன்று நடக்கிறது. டிரைமனின் காதலி கிறிஸ்டா-மரியா, நடிகை, ஸ்டாஸிக்குத் தகவல் தர ஒப்புக்கொண்டவள். அந்தத் தாளும் கோப்பில் இருக்கிறது. டிரைமன் அதைப் படிக்கிறார். படித்த கையோடு அதிலிருக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்: இந்த நேரத்தில் விடுவிக்கப்பட்டவள் டைப்ரைட்டரை எடுத்திருக்க முடியாதே, அப்படியென்றால் எடுத்தது யார்? அவ்வளவுதான், படம் அந்த ‘யார்’ பின்னால் ஓடிவிடுகிறது. நேசித்த பெண்ணின் கையெழுத்து துப்பறியும் கதையின் ஒரு தடயமாகச் சுருங்கிப்போகிறது.

கம்யூனிச ஆட்சிகள் விழுந்த பிறகு அந்த நாடுகளில் மனிதர்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கையெழுத்துதான் என்று நினைக்கிறேன். மேலே ஹெட்ஃபோன் மாட்டியிருந்த அந்நியன் நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் அப்புறம். படம் சரியான கேள்வியைக் கையில் எடுத்து, சூடு தாங்காமல் கீழே வைத்துவிட்டது. அதைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்த ஒரு புத்தகம் உண்டு. ஹங்கேரி எழுத்தாளர் பீட்டர் எஸ்தர்ஹாஸியின் ‘திருத்திய பதிப்பு’, 2002-ல் வெளிவந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் இந்தக் ‘கோப்பு’ என்கிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

*

முனிச்சில் வேலை பார்த்த வருடங்களில் லைப்சிக் நகரத்து ஸ்டாஸி அலுவலகத்தைப் பார்க்கப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். மோப்ப நாய்களுக்காகச் சந்தேக நபர்களின் உடல் வாசனையைத் துணியில் எடுத்து அடைத்துவைத்த கண்ணாடி ஜாடிகளைச் சுற்றித்தான் எல்லோரும் நிற்பார்கள். எனக்கு ஆர்வம் அட்டைகள் மீது. தொழில் புத்தி.

ஸ்டாஸியின் மைய அட்டவணை முக்கியமாக இரண்டு வகை அட்டைகளால் ஆனது. எஃப்16 அட்டையில் ஒருவரின் உண்மைப் பெயரும் பிறந்த தேதியும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். எஃப்22 அட்டையில் அதே பதிவு எண்ணும் புனைபெயரும் இருக்கும், உண்மைப் பெயர் இருக்காது. ‘டோனால்ட்’ என்ற உளவாளி யார் என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும்: இரண்டு டேபிள், நடுவில் ஒரு கீ. அந்த ஜாயினைப் போடும் அனுமதி மட்டும் மிகச் சிலருக்கு. 1989-ல் ஸ்டாஸிக்கு முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். அவர்களைத் தவிர, சம்பளப் பட்டியலில் வராத ரகசியத் தகவலாளிகள் ஒரு கணக்குப்படி 1,89,000 பேர். வேறு கணக்குகள் கொஞ்சம் குறைத்துச் சொல்கின்றன. மொத்த மக்கள்தொகையே சுமார் 1.6 கோடிதான். அந்த லட்சத்துச் சொச்சம் பேரும் யாருக்கோ கணவன், யாருக்கோ தோழி, யாருக்கோ பாதிரியார்.

1989 டிசம்பரில் புகைபோக்கிகளில் புகை வருவதைப் பார்த்து, கோப்புகளை எரிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு எர்ஃபுர்ட் நகரத்துப் பெண்கள் முதலில் அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். 1990 ஜனவரி 15-ல் பெர்லின் தலைமையகத்துக்குள் கூட்டம் நுழைந்தது. மிஞ்சிய காகிதங்களை அடுக்கினால் சுமார் 111 கிலோமீட்டர். கையால் கிழித்து மூட்டை கட்டிவைத்தவை தனி, அது ஏறத்தாழ 16,000 மூட்டை. 1995-லிருந்து ஊழியர்கள் உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டி 500 மூட்டைக்கு மேல் முடித்தார்கள். நடுவில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் மென்பொருளும் களமிறங்கியது. 23 மூட்டையோடு நின்றுவிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பாடமாக இதைச் சொல்லலாம், ஆனால் கேட்க மாட்டார்கள்.

இந்தக் காகிதங்களை என்ன செய்வது? மூடி வைத்துவிடலாம் என்றார்கள் பலர், மேற்கிலும் கிழக்கிலும். பழிக்குப் பழி கொலைகள் விழும் என்று பயந்தார்கள். 1990 செப்டம்பரில் சில போராளிகள் தலைமையகத்துக்குள் மறுபடியும் புகுந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். கடைசியில் 1991 இறுதியில் சட்டம் வந்தது, 1992 ஜனவரியில் வாசிப்பறை திறந்தது. யாரைப் பற்றிக் கோப்பு எழுதப்பட்டதோ அவருக்கு அதைப் படிக்கும் உரிமை உண்டு. தகவல் கொடுத்தவரின் உண்மைப் பெயரைக் கேட்கவும் உரிமை உண்டு. அதாவது அந்த ஜாயின் இப்போது பாதிக்கப்பட்டவர் கையில். பயந்தபடி கொலை எதுவும் விழவில்லை. ஆனால் வேரா லெங்ஸ்ஃபெல்ட் என்ற அரசியல்வாதி, தன்னைப் பற்றி எழுதிய ‘டோனால்ட்’ தன் கணவர்தான் என்று தெரிந்துகொண்டார். விவாகரத்து ஆனது. பிற்பாடு மன்னித்ததாகவும் சொன்னார்.

நீதிமன்றங்கள் என்ன செய்தன என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டாஸியின் தலைவராக இருந்த எரிக் மீல்கேக்கு 1993-ல் ஆறு வருடத் தண்டனை கிடைத்தது. எதற்கு? 1931-ல், இளம் கம்யூனிஸ்டாக இருந்தபோது, இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றதற்கு. ஸ்டாஸிக்காக இல்லை. ஒரு நாவலில் இப்படி எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

*

இனி எஸ்தர்ஹாஸி. ஹங்கேரியின் மிகப் பெரிய பிரபு குடும்பங்களில் ஒன்றில் 1950-ல் பிறந்தவர். தாத்தா மோரிட்ஸ் 1917-ல் அந்த நாட்டின் பிரதமர். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் சொத்து எல்லாம் போய், 1951-ல் குடும்பத்தையே தலைநகரிலிருந்து ஒரு கிராமத்துக்குத் துரத்தினார்கள். அப்பா மாத்யாஷ், ‘கவுண்ட்’ பட்டத்துக்குப் பிறந்தவர், தர்பூசணி வயலில் கூலி வேலை பார்த்தார், மரத்தரை பதித்தார், பிறகு மொழிபெயர்ப்பாளராகப் பிழைத்தார். 1998-ல் இறந்தார். இந்த அப்பாவுக்கு மகன் எழுப்பிய கோபுரம்தான் ‘ஹார்மோனியா கேலெஸ்டிஸ்’ என்ற நாவல். ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பு, எழுநூறு பக்கத்துக்கு மேல். அதன் முதல் பாதியில் ஒரு தந்திரம் உண்டு. எண்ணிட்ட சிறு சிறு பத்திகளில், பல நூற்றாண்டுகளின் எஸ்தர்ஹாஸி முன்னோர்கள் எல்லோருமே ‘அப்பா’ என்றே அழைக்கப்படுகிறார்கள். துருக்கியரோடு போரிட்டவரும் அப்பா, குடித்துச் சீரழிந்தவரும் அப்பா, அரசருக்கு விசுவாசி, துரோகி எல்லாரும் அப்பா. ஹங்கேரி மொழியில் அப்பாவுக்கு ஒரு பாசமான சொல் உண்டு, நேர்ப்பொருளில் ‘இனிப்பான அப்பா’ என்று வரும். அந்தச் சொல்தான் அங்கே பயன்படுகிறது. ‘செலஸ்டியல் ஹார்மனீஸ்’ என்று ஆங்கிலத்தில் கிடைக்கிறது. முதல் ஐம்பது பக்கம் தலை சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவலை எழுதி முடித்தாயிற்று. 2000 ஜனவரி இறுதி. தன்னை எப்போதாவது கண்காணித்திருக்கிறார்களா என்று ஒரு விசாரிப்பு, ஏறக்குறைய குறுகுறுப்பில் கேட்டது. அதற்குப் பதிலாகப் புடாபெஸ்டின் வரலாற்று அலுவலகத்தில் அவர் முன்னால் கோப்புகளை வைக்கிறார்கள். திறந்ததுமே தெரிந்துவிடுகிறது. பெயரைப் பார்க்கத் தேவையில்லை, எழுத்தின் சாய்வே போதும். அப்பாவின் கையெழுத்து. அது அப்பா மீது போடப்பட்ட கோப்பு இல்லை, அப்பா எழுதிய கோப்பு. ‘சனாடி’ என்ற புனைபெயரில், 1957 முதல் 1980 வரை.

தமிழில் ‘கையெழுத்து’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது, எழுதும் விதத்தையும் போடும் ஒப்பத்தையும். இந்தக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் இருக்குமா என்று தெரியவில்லை. ஒப்பம் ‘சனாடி’ என்று பொய் சொல்கிறது. எழுத்து அப்பா என்று உண்மை சொல்கிறது.

எஸ்தர்ஹாஸி யாரிடமும் சொல்லவில்லை. நாவல் அந்த வருடம் வெளிவந்தது, கொண்டாடப்பட்டது. அப்பாவைப் பற்றி எல்லோரும் நெகிழ்ந்து பேசியதை இவர் கேட்டுக்கொண்டிருந்தார். பகலில் காப்பகத்துக்குப் போய் அப்பாவின் அறிக்கைகளைக் கையால் பிரதி எடுத்தார். அந்தப் பிரதியும் அதன் நடுநடுவே அவர் எழுதிய குறிப்புகளும் சேர்ந்ததுதான் ‘திருத்திய பதிப்பு’. நான் ஜெர்மன் மொழிபெயர்ப்பில், அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். அப்பாவின் வரிகள் சிவப்பிலும் மகனின் வரிகள் கறுப்பிலும் அச்சாகியிருக்கின்றன. நம் ஊரில் சிவப்பு மை வாத்தியாருடையது, தப்பை வட்டம் போடுவதற்கு. இங்கே தப்பே சிவப்பில் வருகிறது, திருத்தம் கறுப்பில் அதைச் சுற்றி நிற்கிறது. அந்த ஜெர்மன் படத்தின் சிவப்புக் கறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிவப்பு முன்பின் தெரியாத ஒருவன் நல்லவன் என்பதற்கு அடையாளம். இங்கே அது வீட்டு மனிதரின் குரல்.

அறிக்கைகளில் அப்படி என்னதான் இருக்கு? பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. இன்னாரைப் பார்த்தேன், இதைப் பேசினார், வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்ததாகச் சொன்னார். ஒவ்வொரு அறிக்கையின் கீழும் அவரை மேய்க்கும் அதிகாரியின் குறிப்பு: மதிப்பீடு, அடுத்த வேலை. அதாவது இந்த எழுத்துக்கு ஒரு முதல் வாசகர் இருந்திருக்கிறார், விமர்சகரும் அவரே, எடிட்டரும் அவரே. (கோட் ரிவ்யூவில் கமெண்ட் வாங்கிப் பழகிய எனக்கு அந்தத் தொனி ரொம்பப் பரிச்சயம். அதுதான் வயிற்றைப் பிசைந்தது.) மகன் இரண்டாவது வாசகர். ஒரு மகத்தான நடைக்காரர் தன் அப்பாவின் மோசமான உரைநடையை வரிவரியாகப் படிக்கிறார். எங்கே சோம்பலாக எழுதியிருக்கிறார், எங்கே ஒப்புக்கு எழுதியிருக்கிறார், எங்கே ஐயோ, கொஞ்சம் ஈடுபட்டே எழுதிவிட்டார் என்று பார்க்கிறார். ‘பார், வேண்டுமென்றே ஒன்றுமில்லாததை எழுதித் தப்பித்திருக்கிறார்’ என்று சொல்லிவிட ஆசை. வீஸ்லரைப் போல அப்பாவும் உள்ளுக்குள் நல்லவர் என்று முடித்துவிட ஆசை. ஒவ்வொரு முறை அந்த ஆசை தலைதூக்கும்போதும், அதே காலத்தில் 1956 புரட்சிக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களை அவர் நினைவுக்கு இழுத்து வருகிறார். இம்ரே நாஜ் 1958 ஜூனில் தூக்கிலிடப்பட்டார். அப்பா அப்போது அறிக்கை எழுதத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

புத்தகத்தின் மிகச் சிறந்த விஷயம் என்று நான் நினைப்பது ஒரு சுருக்கெழுத்து. படிக்கும்போது அழுகை வந்தால் ‘கண்ணீர்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை மட்டும் போடுகிறார். தன் மீதே இரக்கம் வந்தால் ‘சுயபரிதாபம்’ என்பதற்கு ஓர் எழுத்து. தமிழில் போட்டால் க, சு. பக்கம் பக்கமாக வரிகளுக்கு இடையே க, சு, க என்று வந்துகொண்டே இருக்கிறது. முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு ஒழுக்கம் என்று புரிகிறது. எங்கே அழுதேன் என்பதை மறைக்க மாட்டேன், ஆனால் அதற்கு ஒரு எழுத்துக்கு மேல் இடம் தர மாட்டேன், ஏனென்றால் இங்கே பாதிக்கப்பட்டவன் நான் இல்லை. அப்பா யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள்தான். அப்பாவை நேசிக்க மகனுக்கு உரிமை உண்டு. மன்னிக்க இல்லை, அந்த உரிமை வேறு ஆட்களிடம் இருக்கிறது. இதில் அவர் கடைசிவரை கறாராக இருக்கிறார்.

குறைகள் உண்டா? நிறைய. திரும்பத் திரும்பச் சொன்னதையே சொல்கிறார். முந்தைய நாவலைப் படிக்காதவருக்குப் பாதிக்கு மேல் பிடிபடாது. சில இடங்களில் அந்தக் கிண்டல் பழக்கதோஷம் போல ஒலிக்கிறது. திமோதி கார்ட்டன் ஆஷ் எழுதிய ‘தி ஃபைல்’ (1997) இதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ ஒழுங்கான புத்தகம். கிழக்கு பெர்லினில் ஆய்வு மாணவராக இருந்தபோது ஸ்டாஸி அவருக்கு ‘ரோமியோ’ என்று பெயர் வைத்துப் பின்தொடர்ந்தது, அவர் ஓட்டியது ஆல்ஃபா ரோமியோ கார் என்பதால். பிற்பாடு கோப்பைப் படித்து, தகவல் சொன்னவர்களைத் தேடிப்போய் ஏன் செய்தீர்கள் என்று கேட்கிறார். நிதானமான, நியாயமான புத்தகம். ஆனால் கேட்டு முடித்ததும் அவரால் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிவிட முடிகிறது. எஸ்தர்ஹாஸிக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. கேள்வி கேட்கலாம் என்றால் ஆளும் இல்லை, செத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த மூச்சுமுட்டல்தான் புத்தகத்தின் வடிவம். ஒழுங்காக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

*

என்னோடு வேலை பார்த்த ஒருவர், டிரெஸ்டன் பக்கத்தில் பிறந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். சுவர் விழுந்தபோது டீன்ஏஜ் பையன். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். குடும்பத்தின் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று விண்ணப்பித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். படிவத்தை அச்செடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். எப்போதிலிருந்து? ஏழெட்டு வருஷமா இருக்கும். “அம்மா இன்னும் இருக்காங்க. முதல்ல அவங்க கதை முடியட்டும்.” யாரோ தங்களை உளவு பார்த்திருப்பார்கள் என்ற பயமா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “அது இருந்தா சந்தோஷம்தான். பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தின கோப்புல எங்க வீட்டு எழுத்து இருந்துட்டா?”

சட்டம் அவருக்கு எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. காப்பகம் இருக்கிறது, 2021-லிருந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பகுதியாக. படிவம் இலவசம். இந்த விஷயத்தில் ஜெர்மனி செய்த அளவுக்கு வேறு எந்த நாடும் செய்யவில்லை என்பது என் எண்ணம். போலந்தின் முதல் கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமர் மசோவியெட்ஸ்கி 1989-ல் கடந்த காலத்துக்குக் கீழே ஒரு தடித்த கோடு போடுவோம் என்றார், கோடு நிற்கவில்லை. செக்கோஸ்லோவாகியா 1991-லேயே பழைய ஆட்களை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கச் சட்டம் போட்டது. ஹங்கேரி பாதிக் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. முழுப் பட்டியல் வெளிவரவே இல்லை. அதனால் என்ன ஆனது என்றால், பெயர்கள் ஒவ்வொன்றாக, யாருக்கோ தேவைப்படுகிற நேரத்தில், செய்தித்தாளில் வந்தன. ‘திருத்திய பதிப்பு’ வந்த அதே 2002-ல் பிரதமர் மெட்ஜெஸ்ஸி பழைய உளவுத்துறையில் டி-209 என்ற எண்ணோடு பணியாற்றியது வெளிவந்தது. கொஞ்சம் சத்தம், அவர் பதவியில் தொடர்ந்தார். 2006-ல் இயக்குநர் இஷ்த்வான் ஸாபோ கல்லூரிக் காலத்தில் தகவலாளியாக இருந்தது வெளிவந்தது. நாஜிகளுக்கு ஆத்மாவை விற்ற நடிகனைப் பற்றி ‘மெஃபிஸ்டோ’ எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். அவரைக் கண்டித்துச் சிலர், ஆதரித்து ஏராளமானோர். இந்த இரண்டு சம்பவத்திலும் விவாதம் ‘இவரை வைத்துக்கொள்வதா, விலக்குவதா’ என்பதோடு முடிந்துவிட்டது. அவர் எழுதிய அறிக்கைகளை உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எஸ்தர்ஹாஸி அதைத்தான் செய்தார், அதுவும் ஊரே பார்க்க. யாரும் கண்டுபிடித்து மிரட்டவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னொன்றும் செய்திருக்கலாம்: முந்தைய நாவலைத் திரும்பப் பெற்று, திருத்தி, புதிதாக வெளியிட்டிருக்கலாம். எங்கள் தொழிலில் அப்படித்தான் செய்வோம், பழைய வெர்ஷனை யார் கண்ணிலும் படாமல் எடுத்துவிடுவோம். ‘திருத்திய பதிப்பு’ என்று பெயர் வைத்தாலும் அவர் பழையதைத் தொடவில்லை. கோபுரம் அப்படியே நிற்கிறது, பக்கத்திலேயே இந்தப் பள்ளமும் இருக்கிறது. 2016-ல் அவர் இறந்தார். வாசகர் இரண்டையும் படிக்க வேண்டியதுதான், அதுவும் வெளிவந்த வரிசையில்.

வரிசை முக்கியம், ஏனென்றால் இரண்டாவதைப் படித்துவிட்டு முதலாவதுக்குத் திரும்பினால் அந்த ‘அப்பா’ தந்திரம் வேறு மாதிரி வேலை செய்கிறது. துரோகியான அப்பா அந்த எண்ணிட்ட பத்திகளில் ஏற்கெனவே இருக்கிறார், பலமுறை. எழுதியவருக்குத் தெரியாமலே. இரண்டாம் பாதியில் தர்பூசணி வயலும் அந்தக் கிராமத்து வீடும் வருகிற பக்கங்களை இப்போது ஒரு கணக்கோடுதான் படிக்க முடிகிறது. 1957-ல் பீட்டருக்கு ஏழு வயது. 1979-ல், இருபத்தொன்பது வயதில், சோஷலிச உற்பத்தி இலக்கியத்தைப் பகடி செய்யும் ஒரு நாவலால் நாடறிந்த எழுத்தாளர் ஆகிவிட்டார். சனாடியின் கோப்பு அப்போதும் மூடப்படவில்லை.